வெறுங்கையோடு ஏறக் கூடாது

எங்கள் ஆபீஸ் நாலாம் மாடியில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டால் என் கதையில் பாதி முடிந்தது.

துறைமுகத்து மதில் சுவருக்கு எதிர்வரிசையில், ராயபுரம் போகிற சாலை திரும்பும் இடத்தில், சாலையோடு தானும் வளைந்து திரும்புகிற கட்டடம் அது. சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷத்தில் கட்டியதாம். வெயிலைத் தடுக்க ஜன்னல்களுக்கு மேல் நீளநீளமான சிமெண்ட் பட்டைகள், உருண்டையான மூலை, ஒவ்வொரு மாடியையும் சுற்றி ஓடுகிற கைப்பிடிக் குழாய். கப்பலைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று படம் எடுக்க வருகிறவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். கப்பலில் லிப்ட் வேலை செய்யும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஒரு காலத்தில் இங்கே ஒரு அறை கிடைப்பதே பெரிய விஷயம். வசதி வந்தவர்கள் எல்லாம் கிண்டிக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது போக இடமில்லாதவர்கள். முதல் மாடியில் ஒரு பார்சல் ஆபீஸ், இரண்டாவதில் கப்பலுக்குக் கயிறும் பெயிண்டும் கொடுக்கிறவர், மூன்றாவதில் எங்கள் தொழிலையே செய்கிற இன்னொரு கம்பெனி, நாலாவதில் நாங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்க, சுங்கத்துக்குப் பேப்பர் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, அந்தக் கம்ப்யூட்டர் போய் வேறு கம்ப்யூட்டர் வந்தது. மின்விசிறியும் நானும் மட்டும் மாறவில்லை.

நான் சேர்ந்த காலத்தில் எதிரே துறைமுகத்தில் நிலக்கரி இறங்கும். கரித்தூள் உள்ளே வரக் கூடாது என்று கடல் பக்கத்து ஜன்னல்களை இழுத்து மூடி, மூடிய வாக்கிலேயே பெயிண்ட் அடித்துவிட்டார்கள். நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. ஜன்னல்களை யாரும் திறக்கவில்லை. இப்போது திறக்க நினைத்தாலும் முடியாது, சட்டமும் கதவும் பெயிண்டில் ஒட்டி ஒரே கட்டையாகிவிட்டன. கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் காற்றே படாமல் காலம் தள்ளுகிறவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

லிப்ட் என்று சொன்னேன். இரும்புக் கம்பிக் கூண்டு, இழுத்து மூடுகிற கதவு, உள்ளே ஒரு ஸ்டூல். ஒரு பெருமழையில் அடிக்குழியில் தண்ணீர் நிறைந்தது, அன்றோடு சரி. கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் அண்ணன் தம்பிகள், ஒருத்தர் மேல் ஒருத்தர் கேஸ் போட்டிருக்கிறார்கள். நீ ரிப்பேர் செய் என்று இவர், நீ செய் என்று அவர். இதற்கு நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு, செய்ய நினைக்கிறவராலும் செய்ய முடியாது. பழைய லிப்டுக்குச் சாமான் கிடைக்காது. புது லிப்ட் போட வேண்டுமென்றால் கூண்டை எடுக்க வேண்டும், கூண்டை எடுக்க அனுமதி வேண்டும், ஏனென்றால் கூண்டு பாரம்பரியம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு முட்டி வலிக்கும்.

லிப்ட் போன பிறகு எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் வந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. வெறுங்கையோடு யாரும் படி ஏறக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

கீழே, படி ஆரம்பிக்கிற இடத்தில், படிக்கட்டுக்கு அடியில் ஒரு அம்மா டீக்கடை வைத்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு கடப்பைக்கல் மேடை. கூரியர் கவர், சாப்பாட்டுக் கேரியர், டீ பிளாஸ்க், ஜெராக்ஸ் பேப்பர் கட்டு, தண்ணீர் கேன் என்று மேலே போக வேண்டியதெல்லாம் அந்த மேடையில் வந்து இறங்கும். டீக்கடைக்காரி சாக்பீஸால் எது எந்த மாடி என்று நம்பர் போடுவாள். ஏறுகிறவர் தன் பலத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். முதல் மாடியோடு நிற்கிறவராக இருந்தாலும் நாலாம் மாடிச் சாமானை எடுக்கலாம். முதல் மாடித் திருப்பத்தில் வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் அங்கிருந்து எடுப்பார். இப்படிக் காலையில் கிளம்பிய தண்ணீர் கேன் சாயங்காலத்துக்குள் எங்களிடம் வந்து சேரும்.

மூன்றாம் மாடிக் கம்பெனிக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எங்களுக்குச் சரக்கு வேலை கொடுத்துவந்த பெரிய பார்ட்டி ஒன்றை அவர்கள் இழுத்துக்கொண்டார்கள், அவர்களைக் கேட்டால் நாங்கள்தான் முதலில் இழுத்தோம் என்பார்கள். ஆனால் அவர்கள் கவரை நாங்கள் தூக்குவோம், எங்கள் கவரை அவர்கள் தூக்குவார்கள். இத்தனை வருஷத்தில் ஒன்று தொலைந்ததில்லை, ஒன்று பிரிந்ததில்லை. புதிதாக வருகிற ஆட்களையும் டீக்கடைக்காரி விடமாட்டாள்.

"இன்னா சார், மேல தான போற? கை சும்மாத்தான கீது. இத்த எட்துகினு போ."

வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்த ஒருவர், கோட்டும் டையுமாக, கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு ஏறிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. மூன்று என்று நம்பர் மட்டும் தெரியும்.

அவள் கேட்காமல் விட்டது ஒரே ஒருவரை. எங்கள் சின்ன சாரை. கம்பெனியை ஆரம்பித்த பெரிய சார் படுத்த படுக்கையான பிறகு மகன் வந்து உட்கார்ந்தார். காதில் போனை வைத்தபடி வருவார், வைத்தபடியே ஏறுவார். "மொதலாளியாச்சே, அவரு கைய எதுக்கு நாம பாக்கணும்" என்பாள் டீக்கடைக்காரி. அதில் மரியாதையும் இருந்தது, நக்கலும் இருந்தது.

இனி என் முட்டியைச் சொல்ல வேண்டும். எப்போது கெட்டது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் இறங்கும்போது வலித்தது, பிறகு ஏறும்போதும், பிறகு சும்மா இருக்கும்போதும். திருவொற்றியூரில் ஒரு டாக்டரிடம் போனேன். இனிமேல் படியே ஏறாதீர்கள் என்றார். அவருடைய கிளினிக்கே முதல் மாடியில்தான் இருந்தது.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்பார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் கண்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டியவர். தூசியிலேயே இருந்து நுரையீரல் போய்விட்டது. பாத்ரூமுக்குப் போய் வந்தால் மூச்சு வாங்கும், அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆகும். அவருக்கு மாத்திரை, மூச்சுக்கு மருந்து, முடியாத நாளில் ஆஸ்பத்திரியில் படுக்கை, எல்லாம் என் பேரில் இருக்கிற தொழிலாளர் காப்பீட்டு அட்டையில்தான் ஓடுகிறது. வயது வந்து முறைப்படி ஓய்வு பெற்றால், அதற்குப் பிறகும் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த அட்டை தொடரும். அதற்கு முன்னால் நானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அன்றோடு அறுந்துவிடும். எனக்கு ஓய்வு வயது வர இன்னும் காலம் இருந்தது. அதுவரை நாலு மாடி ஏற வேண்டும். அதைத் தவிர இந்தக் கதையில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

கீழே எங்காவது ஒரு மேஜை போட்டுக் கொடுங்கள் என்று சின்ன சாரிடம் ஒரு முறை ஜாடையாகக் கேட்டேன். "கீழ நமக்கு எடம் ஏது மேடம்?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். நான் கேட்டதுதான் அவரை யோசிக்க வைத்துவிட்டது போல. கொஞ்ச நாள் கழித்து அறைக்குள் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க ரொம்ப சிரமப்படறீங்க, நான் பாக்கறேன். இப்ப எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சு. நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டா, நல்லா ஒரு பங்ஷன் வெச்சு, மரியாதையா அனுப்பி வெப்பேன்."

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல சார். முட்டி நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா சந்தோஷம். ஏற முடியாத அன்னைக்குச் சொல்லுங்க."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இரக்கப்படுகிறவரோடு என்ன சண்டை போடுவது? ஏற முடியாத அன்றைக்கு லெட்டர் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து என் முட்டியை மறைப்பதுதான் எனக்கு முழுநேர வேலை, சுங்கப் பேப்பர் எல்லாம் ஓய்ந்த நேரத்தில்.

மறைக்க அந்தக் கட்டடமே உதவியது. சாமான்கள் காத்திருக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் எதையாவது போட்டு வைத்திருந்தார்கள். முதல் மாடியில் பார்சல் ஆபீஸின் பழைய பெஞ்சு. இரண்டாவதில் கயிறு வந்த மரப்பெட்டி. மூன்றாவதில் கதவில்லாத இரும்பு பீரோ ஒன்று, படுத்த வாக்கில். நான் கீழே மேடையிலிருந்து ஒரு கவரை, அதுவும் கனம் இல்லாததாகப் பார்த்து எடுத்துக்கொள்வேன். பெஞ்சு வந்ததும் உட்கார்ந்து, அங்கே கிடக்கிற சாமான்களின் நம்பரைப் பார்த்து இது மேலே, இது இங்கேயே என்று அடுக்குவேன். அடுக்கி முடிப்பதற்குள் முட்டி கொஞ்சம் அடங்கும். மரப்பெட்டியிலும் அப்படியே, பீரோவிலும் அப்படியே. அக்கறையான பொம்பளை என்று பேராகிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டரம்மா என்று கிண்டல்கூடச் செய்தார்கள். சிரித்துக்கொண்டேன். ஒன்பது மணி ஆபீசுக்கு எட்டு மணிக்கே வந்துவிடுகிறவளைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சாயங்காலம் திருவொற்றியூருக்கு மெட்ரோவில் போவேன். பூமிக்கு அடியில் போவதற்கு நகரும் படி, லிப்ட், குளிர்ந்த காற்று எல்லாம் வைத்திருக்கிறார்கள். கீழே போவதற்கு இவ்வளவு வசதி, மேலே போவதற்குத்தான் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்வேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி கேட்பார், "இன்னாம்மே, மலையேறிட்டு வந்துட்டியா?" ஏறிட்டேன் என்பேன். வேறு எதுவும் சொல்வதில்லை. தனக்காகத்தான் ஏறுகிறேன் என்று அவருக்குத் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இருமல் வந்துவிடும்.

பிறகு அந்தப் படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். கட்டடக் கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒரு அம்மா, அவருடைய மாணவர்கள் சிலர். இந்த மாதிரிக் கட்டடங்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்களாம். அண்ணன் தம்பிகள் இரண்டு பேரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்கியிருந்தார்கள். நல்ல மனிதர்கள், எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்கள்.

அன்று காலை நான் உள்ளே நுழைந்தால் கடப்பைக்கல் மேடை துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. உண்மையிலேயே துடைத்திருந்தார்கள். சாக்பீஸ் எழுத்து ஒன்றுகூட இல்லை. டீக்கடைக்காரி அடுப்போடு வாசலுக்கு வெளியே சந்தில் நின்றாள்.

"யக்கா, இன்னிக்கு ஒண்ணும் மேல போவக் கூடாதாம். படம் புடிக்கிறாங்கோ. அத்தினியும் கலீஜா கீதாம்."

கழுவிய படிகளில் மொசைக்கின் பச்சையும் மஞ்சளும் தெரிந்தன. கைப்பிடி வளைந்து வளைந்து மேலே போனது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த அழகின் மேல்தான் இத்தனை வருஷம் ஏறி இறங்கிக் கால் போய்விட்டது.

கையில் எதுவும் இல்லாமல் ஏறினேன். முதல் திருப்பத்தில் பெஞ்சைக் காணோம். அங்கே விளக்குக் கம்பங்களோடு இரண்டு மாணவர்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நிற்க எனக்கு மானக்கேடாக இருந்தது. எதுவும் நடக்காத மாதிரி மேலே போனேன். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் முட்டி பூட்டிக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கீழேயிருந்து ஒரு குரல். "அம்மா, கொஞ்சம் ஓரமாப் போறீங்களா? ப்ரேம்ல வர்றீங்க."

"வந்தா வந்துட்டுப் போறேன்" என்றேன்.

ஆசிரியை ஓடி வந்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். படிதான் சரியில்லை என்றேன். பாவம், அவரிடம் எரிந்து விழுந்து என்ன பிரயோஜனம்? தண்ணீர் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே, அன்றைக்கென்று சீக்கிரமே வந்த சின்ன சார் ஏறி வந்தார், காதில் போன்.

என்னைப் பார்த்ததும் போனை இறக்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அந்தப் பழைய இரக்கம்தான். அதைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், நீங்க வீட்டுக்குப் போங்க. ஆட்டோ சொல்றேன். நாளைக்கும் வர வேணாம். மீதிய நாம போன்ல பேசிக்கலாம்."

மீதி என்றால் லெட்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேர் பார்க்க, படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். வலியில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நான் மேலதான் சார் போவேன்" என்றேன்.

"எப்படி மேடம் போவீங்க?"

சத்தம் கேட்டு முதல் மாடியிலிருந்து பார்சல் ஆபீஸ் லோடுமேன் எட்டிப் பார்த்தார். சந்திலிருந்து டீக்கடைக்காரியும் வந்துவிட்டாள்.

"இன்னாம்மா, இங்க குந்திகினு கீற?" என்றார் லோடுமேன்.

டீக்கடைக்காரி என் காலைப் பார்த்தாள், சின்ன சார் முகத்தைப் பார்த்தாள், காணாமல் போன பெஞ்சு இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கனம் இல்லாத கவரைத் தினமும் எனக்கென்று மேடையின் ஓரத்தில் எடுத்து வைத்தது யார் என்று நான் யோசித்ததே இல்லை.

"உங்க ஆபீஸ்ல கை வெச்ச நாக்காலி ஒண்ணு கீதே, அத்த எட்தா" என்று லோடுமேனிடம் சொன்னாள். மரநாற்காலி வந்தது. இடுப்பிலிருந்து சாக்பீஸை எடுத்து, நாற்காலியின் முதுகில் பெரிதாக நாலு என்று எழுதினாள்.

"நாலாம் மாடிச் சரக்கு. தூக்கு."

"நான் என்ன பார்சலா?" என்று கத்தினேன்.

"பார்சலுக்கு வாய் கெடையாது. கம்முனு குந்து யக்கா."

மாணவர்களில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். முன்கால் ஒன்றை லோடுமேன் பிடித்தார். இன்னொன்றை, மேலே போய்க்கொண்டிருந்த மூன்றாம் மாடிக் கம்பெனி கிளார்க் பிடித்தார், எங்கள் பார்ட்டியை இழுத்த அதே கம்பெனி. பின்கால் ஒன்றுக்கு ஒரு மாணவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நாலாவது காலுக்கு ஆள் இல்லை. ஆசிரியை முன்னால் வந்தார். டீக்கடைக்காரி அவரைக் கையால் ஓரம்கட்டிவிட்டுச் சின்ன சார் பக்கம் திரும்பினாள்.

"இன்னா சார், மேல தான போற? கை சும்மாத்தான கீது. புடி."

சின்ன சார் கையில் இருந்த போனைப் பார்த்தார். பாக்கெட்டில் போட்டார். குனிந்து நாற்காலிக் காலைப் பிடித்தார்.

வெட்கமாக இருந்தது என்று சொன்னால் போதாது. செத்துவிடலாம் போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். முன்னால் தூக்குகிறவர்கள் மேல் படியில், பின்னால் தூக்குகிறவர்கள் கீழ்ப் படியில் என்பதால் பாரம் முழுக்கப் பின்பக்கம் சாய்ந்தது. சின்ன சார் மூச்சு என் கழுத்துக்குப் பின்னால் புஸ் புஸ் என்று கேட்டது. நான் ஒல்லியானவள் இல்லை. இத்தனை வருஷம் அந்தக் கம்பெனியில் இருந்த என் பாரம் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்தார்கள். சின்ன சார் சுவரில் சாய்ந்துகொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"இங்க ஒரு மரப்பெட்டி இருந்துச்சே?"

எனக்கு இனிமேல் பொய் சொல்லத் தெம்பு இல்லை. அதுதான் உண்மை. நேர்மையால் சொல்லவில்லை, களைப்பில் சொன்னேன்.

"இருந்துச்சு சார். அதுல உக்காந்து உக்காந்துதான் நான் தினமும் வந்தேன். முட்டி போயி ரொம்ப நாளாச்சு. லெட்டர் எழுதினா அட்டை போயிடும். அட்டை போனா எங்க வீட்டுக்காரர் போயிடுவார். அதான் சொல்லல."

சின்ன சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். நாலாம் மாடியில் என்னை இறக்கியதும் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூன்றாம் மாடி கிளார்க், தன் மாடியைத் தாண்டி எங்கள் வாசல்வரை வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு "உங்க ஆபீஸ்லயும் காத்தே வராதா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். எங்கள் இரண்டு கம்பெனிக்கும் நடுவில் அதுதான் முதல் பேச்சு.

மத்தியானம் சின்ன சார் என் மேஜைக்கு வந்தார். வழக்கமாக என்னைத்தான் கூப்பிடுவார்.

"மேடம், பேப்பர் எல்லாம் எப்படியும் கை மாறிக் கை மாறித்தான மேல வருது?"

"ஆமா சார்."

"அப்ப நீங்க எதுக்கு மேல வரணும்?"

முடிந்தது என்று நினைத்தேன்.

"கீழ அந்த டீக்கடைப் பக்கத்துல ஒரு சின்ன மேஜை போட எடம் இருக்கு. ஓனருங்ககிட்ட நான் பேசிக்கறேன். ரிடையர் ஆகற வரைக்கும் அங்க உக்காருங்க. லெட்டரெல்லாம் வேணாம்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். சரி சார் என்று மட்டும் சொன்னேன். முன்பு நான் கேட்டபோது இல்லாத இடம் இப்போது எப்படி வந்தது என்று ஒரு கோபமும் உள்ளே இருந்தது. அதையும் சொல்லவில்லை. சாயங்காலம் கீழே போவதற்கு வெளியே வந்தால் அதே நாற்காலி நின்றது. நாலை அழித்துவிட்டுக் கீழே என்று எழுதியிருந்தார்கள்.

இப்போது படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். கொசு அதிகம். பால் பொங்குகிற வாசனை நாள் முழுக்க மூக்கில் இருக்கும். கூரியர்காரர்கள் நான்தான் கட்டடத்துக்கே தகவல் கவுண்டர் என்று நினைத்துக் கழுத்தை அறுக்கிறார்கள். ஆனால் வாசல் வழியாகக் கடல் காற்று வருகிறது. பெஞ்சு, மரப்பெட்டி, பீரோ எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. நான் முடித்த பேப்பரில் நாலு என்று போட்டு மேடையில் வைத்தால் யாராவது எடுத்துப் போவார்கள். சின்ன சார் வருகிற நாளில் அவரே எடுத்துப் போவார், தண்ணீர் கேனை மட்டும் தொடமாட்டார்.

அந்தப் புத்தகமும் வந்தது. எங்கள் படிக்கட்டு ஒரு பக்கம் முழுக்க, காலியாக, பளபளவென்று. வீட்டுக்காரர் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இன்னாம்மே, இதுலயா ஏறி ஏறி முட்டிய ஒட்ச்சிகின? சூப்பரா கீது" என்றார். புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி வீட்டு பீரோவுக்கு மேலே போட்டேன்.

போன மாதம் அவருக்கு மூச்சு ரொம்ப மோசமானது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அட்டையைப் பார்த்தார்கள், சீட்டுப் போட்டார்கள், நெஞ்சு நோய் வார்டு இரண்டாம் மாடி என்றார்கள். லிப்ட் கதவில் ஒரு அட்டை தொங்கியது. ரிப்பேர். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆள் வருவார், ஸ்ட்ரெச்சர் வரும், உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தோம். அவர் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. ஆள் வரவில்லை.

படிக்கட்டு ஓரம் நின்று, பழக்க தோஷத்தில் நான் கல்மேடையைத் தேடினேன். பக்கத்தில் எத்தனையோ பேர் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள், போனைப் பார்த்தபடி, கையை வீசிக்கொண்டு. என் பிழைப்பில் முன்பின் தெரியாத யாரிடமும் நான் எதுவும் கேட்டதில்லை. ராயபுரத்தில் பிறந்தாலும் ஆபீஸ் தமிழே பேசிப் பழகிவிட்டவள். முதல் படியில் கால் வைத்த ஒரு வாட்டசாட்டமான ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னா சார், மேல தான போற? கை சும்மாத்தான கீது. இவரப் புடி."

அவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார், பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார். போனைப் பாக்கெட்டில் போட்டார். பின்னால் வந்த ஒருவர் கேட்காமலேயே நின்றார். இன்னொருவர் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்தார். வார்டு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே தூக்கினார்கள்.

"இன்னாம்மே," என்றார் வீட்டுக்காரர், மூச்சுக்கு நடுவில், "நான் இன்னா பார்சலா?"

"பார்சலுக்கு வாய் கெடையாது. கம்முனு குந்து" என்றேன்.

நாற்காலி திருப்பத்தில் வளைந்து மறைந்தது. தூக்கியபோது அவர் காலிலிருந்து செருப்பு நழுவிக் கீழே விழுந்திருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நான் பின்னால் ஏறினேன்.